சுண்ணாம்புக்குப் பின்னால் இருந்த புள்ளிகள்

கட்டி போய்விட்டது என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியடைந்த பிறகுதான் எனக்கு நோய் இருப்பது தெரியவந்தது. இதை யாரிடம் சொன்னாலும் முன்பின்னாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதிவைக்கிறேன். என் வயதில், எங்கள் பக்கத்தில், இதே நிலைமையில் இருக்கும் ஒருத்திக்காவது பயன்படலாம்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. ஆந்திராவின் சித்தூர் பக்கம், கங்காதர நெல்லூரிலிருந்து பிரிந்து போகும் சாலையில் எங்கள் ஊர். பிறந்தது நாகலாபுரம் பக்கம். வாழ வந்தது இங்கே. என் வீட்டு முன்னறையில்தான் ஊர்க் கிளை அஞ்சலகம். அதை நடத்துபவள் நான். காலையில் எழுந்ததும் முத்திரையில் தேதியை மாற்றிவைப்பது முதல் வேலை என்பதால், எது எந்தக் கிழமை நடந்தது என்பது எனக்கு மறப்பதில்லை. ஊருக்கு வரும் பத்திரிகைகள் உரியவர் கைக்குப் போகும் முன் ஓர் இரவு என்னிடம் தங்கிப் போகும். மடிப்புக் கலையாமல் படிக்கத் தெரியும்.

கணவர் குவைத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மகன் தினேஷ் பெங்களூரில் அமெரிக்கக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தான். இரவெல்லாம் பேச்சு, பகலெல்லாம் தூக்கம். நான் விழித்திருக்கும் நேரத்தில் அவன் விழித்திருப்பது அபூர்வம்.

உகாதி கழிந்த மறுவாரம், குளிக்கும்போது இடது மார்பின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பூந்திக்கொட்டை அளவு. வழவழப்பாக, விரலால் தள்ளினால் நகர்ந்தது. வலியில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் என் கொழுந்தனின் மனைவி. பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

மல்லிகா தொட்டுப் பார்த்தாள். "சூட்டுக் கட்டிக்கா. இதுக்கு இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற? சுண்ணாம்பும் மஞ்சளும் கொழச்சிப் பத்து போட்டா ஓடிப்பூடும்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீக்கம் எதுவானாலும் இதுதான் முதல் மருந்து. வெற்றிலைச் சுண்ணாம்பில் மஞ்சளைக் கலந்தால் குங்குமச் சிவப்பாகும். அதை இரும்புக் கரண்டியில் சூடாக்கி, பொறுக்கும் பதத்தில் தடவுவார்கள். மல்லிகா ஒரு வாரம் தவறாமல் வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கை கழுவி, கதவைச் சாத்தி, தடவிவிட்டுப் போவாள். மூன்று நான்கு நாளில் தோல் வெந்து கொப்பளித்தது. அதைக் கெட்டது வெளியேறுவதன் அடையாளம் என்றாள். எரிந்தது. ஆனாலும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனுஷியின் கை தினமும் என் மேல் படுவது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் மார்பில் எந்தக் கட்டியையும் காட்டாமல் விடக்கூடாது என்று எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்தது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கொழுந்தன் சேகர் என்னைச் சித்தூரில் ஒரு அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனார். திங்கட்கிழமை. மருத்துவர் கொப்பளத்தைப் பார்த்து முகம் சுளித்தார், ஒன்றும் கேட்கவில்லை. தீக்காயம் என்று நினைத்திருக்கலாம். நகரும் கட்டி, பெரும்பாலும் கெடுதல் இருக்காது, ஆனாலும் வயதை முன்னிட்டு மாமோகிராமும் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்று திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று சேகர் கேட்டார். இரண்டும் வேறு வேறு என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அது எப்படி வேறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

திருப்பதி மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். மலைக்கு வந்த கையோடு மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எங்களையும் அப்படித்தான் நினைத்தார்கள். பக்கத்திலிருந்த ஒருவர் தரிசன வரிசை எப்படி என்று சேகரிடம் விசாரித்தார்.

மாமோகிராம் என்பது மார்புக்கென்றே உள்ள எக்ஸ்ரே. நின்றபடி எடுப்பார்கள். ஒரு தட்டின்மேல் மார்பை எடுத்துவைத்து, மேலேயிருந்து இன்னொரு கண்ணாடித் தட்டை இறக்கி, சப்பாத்தி மாவைப்போல் அழுத்துவார்கள். மேலிருந்து கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ஒரு மார்புக்கு இரண்டு படம். வலிக்கும். ஆனால் முழுப் பாட்டு அல்ல, ஒரு பல்லவிகூடப் பாடி முடிக்க முடியாத நேரம்தான். அழுத்தினால்தான் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் சதை விலகி, உள்ளே இருப்பது தெரியும்.

படம் எடுக்கும் பெண் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பவுடர், சென்ட்டு எதுவும் போட்டிருக்கீங்களா?" என்பது. இல்லை என்றேன். நான் சொன்னது உண்மை. பவுடர் நான் போடுவதில்லை. காலையில் மல்லிகாவின் பற்றைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். மஞ்சள் கறை போகவில்லை. ஆனால் மஞ்சள் பூசிக் குளிக்கிற ஊரில் அது யார் கண்ணில் படும்? அந்தப் பெண் கழுத்திலும் மஞ்சள் இருந்தது.

அரைமணி நேரம் கழித்து மருத்துவர் உள்ளே கூப்பிட்டார். படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்மணி, தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். சுவரிலிருந்த விளக்குப் பெட்டியில் என் படங்கள் மாட்டியிருந்தன. சாம்பல் நிற மேகத்தில், கோலமாவைக் கை தவறிக் கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"என்னம்மா பூசினீங்க?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, எதையோ எதிர்பார்த்துப் பயந்திருந்தவர் சிரிப்பதுபோல. பிறகு உட்காரவைத்துச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? அதில் கால்சியம் இருப்பதால். சுண்ணாம்பும் அதே சரக்குத்தான். வெந்த தோலின் பொருக்குக்குள் சுண்ணாம்புத் துகள்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது தேய்த்தாலும் வராது, புண்தான் ஆகும். மார்புக்குள் புற்று தொடங்கும்போதும் சில சமயம் இப்படித்தான் பொடிப்பொடியாகக் கால்சியம் சேரும். எது மேலே, எது உள்ளே என்று இந்தப் படத்தை வைத்து அவரால் சொல்ல முடியாது. ஒன்றும் பூசாமல் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவி, தோல் உரிந்து ஆறியதும் மறுபடி வந்து எடுக்க வேண்டும்.

அன்றே ஸ்கேனும் எடுத்தார். ஸ்கேன் ஒலியால் பார்ப்பது. கட்டிக்குள் சதை இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்பதை அது நொடியில் சொல்லிவிடும். நீர்தான். ஊசி போட்டு உறிஞ்சியபோது வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வந்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், பூந்திக்கொட்டையைக் காணோம்.

பேருந்தில் திரும்பும்போது சேகர் பாகாலா வரை சிரித்துக்கொண்டே வந்தார். "கட்டி தண்ணி. புள்ளி சுண்ணாம்பு. ஒண்ணியும் இல்ல அண்ணி" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மல்லிகா சேமியா பாயசம் காய்ச்சினாள். தன் சுண்ணாம்பு பெரிய டாக்டரையே ஏமாற்றியதைத் தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மருத்துவர் சொன்னதில், மறுபடி வந்து எடுக்க வேண்டும் என்ற கடைசி வாக்கியத்தை என்னைத் தவிர யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. எங்கள் ஊரின் பொதுத் தொலைபேசியும் என் அறையில்தான் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் வளைகுடாவுக்குப் புருஷனை அனுப்பிய பெண்கள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு மணி அடிக்கும் என்று தெரியாது. ஒருத்தி பேசுவதை மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் கணவர் அழைத்தபோது அத்தனை பேர் முன்னால் மார்பு என்ற சொல்லை எப்படிச் சொல்வது? "ஒடம்பு கொஞ்சம் சரியில்ல, காட்டிட்டு வந்தேன், இப்ப தேவல" என்றேன். வெயில் ஜாஸ்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்தவளுக்குப் போன் வரும் என்று வைத்துவிட்டேன்.

புண் ஆற மே மாதம் பாதி ஆகிவிட்டது. இரண்டாவது படத்துக்குப் போக வேண்டும் என்றபோது மல்லிகா, "கட்டிதான் பூடுச்சே, இன்னும் இன்னாத்துக்குக்கா போற?" என்றாள். கோபமில்லை, அலுப்பு. மாங்காய்க் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சேகர் தோப்புகளைப் பேசி முடித்து, சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு லாரி அனுப்புகிறவர். அவருக்கு ஒரு நாள் போனால் ஒரு தோப்பு போன மாதிரி. தினேஷைப் போனில் பிடித்தபோது, போய்த்தான் ஆக வேண்டுமா என்று தூக்கக் குரலில் கேட்டான். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் என் நோய் முடிந்துவிட்டது. முடியாதது எனக்கு மட்டும்தான். கட்டி இருந்த வாரத்தில் என்னைச் சுற்றி ஆள் இருந்தது. கட்டி போன பிறகு இருந்த அந்த நாட்களைப்போல் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. பயத்தைக்கூட ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. வெளியே காட்டினால், நோயை விரும்புகிறவள் என்று ஆகிவிடும்.

புதன்கிழமை. முதலில் செவ்வாய் என்று எழுதி, சரிபார்த்துத் திருத்துகிறேன். தபால் எடுத்துப் போகும் முனிரத்தினத்தை என் இடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகத் திருப்பதி போனேன்.

இந்த முறை விளக்குப் பெட்டியில் மேகம் சுத்தமாக இருந்தது. கோலமாவு முழுக்கப் போயிருந்தது. நான் மூச்சு விட்டேன். மருத்துவர் விடவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, மார்பின் மேல்பகுதியில் அக்குளை ஒட்டிய ஓரிடத்தில் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். கட்டி இருந்தது கீழே. இது அதிலிருந்து நான்கு விரல் தள்ளி. அங்கே சில புள்ளிகள், கைப்பிடி ரவையில் நாலைந்து மணியை ஓரிடத்தில் தூவியதுபோல. ஒன்று கோடாக, ஒன்று உடைந்து, ஒன்று கிளைத்து. பிறகு பழைய படத்தைப் பக்கத்தில் மாட்டி அதே இடத்தைக் காட்டினார். சுண்ணாம்புக் கூட்டத்தின் நடுவில், அசையாமல், அதே வடிவத்தில் அவை அங்கேயும் இருந்தன.

அந்த ஒரு இடத்தை மட்டும் பெரிதாக்கி மீண்டும் படம் எடுத்தார்கள். ஸ்கேன் வைத்துத் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் நல்லதுதானே என்று கேட்டேன். நான் கேட்ட விதத்தில் அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ஸ்கேன் கட்டியைப் பார்க்கும்மா. இளம்பெண்களுக்கு, சதை அடர்த்தியா இருக்கிறவங்களுக்கு ரொம்ப உதவும். ஆனா இவ்வளவு பொடிப்பொருளை அது பல நேரம் பார்க்காது. மாமோகிராம் இந்தப் பொடியைப் பார்க்கும், அடர்த்தியான சதைக்குள்ள கட்டி ஒளிஞ்சிருந்தா விட்டுடும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கண்ணு குருடு. ஒண்ணுல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல."

அன்று மாலை தினேஷ் இணையத்தில் படித்துவிட்டு, எம்ஆர்ஐ எடுக்கச் சொல், அதில் எல்லாம் தெரியும் என்றான். அடுத்த முறை அதையும் கேட்டேன். எம்ஆர்ஐ காந்தத்தால் எடுக்கும் படம். ரத்தக் குழாயில் ஒரு மருந்தைச் செலுத்தி, ரத்தம் எங்கே அதிகமாகப் பாய்கிறது என்று பார்ப்பார்கள். தாய், அக்கா தங்கை என்று குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வந்திருந்தால் அது பெரிய துணை. ஆனால் கால்சியப் புள்ளிகளை அது காட்டாது. என் விஷயத்தில் இனி எந்தப் படமும் பதில் சொல்லாது. அந்த இடத்தை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்றுதான் வழி என்றார். பத்துப் பேருக்கு இப்படிப் புள்ளி இருந்தால் பெரும்பாலானோருக்குக் கெடுதலாக இருக்காது என்றும் சொன்னார். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டேன். "எடுத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஜூன் கடைசியில் சேர்ந்தேன். சேகர் கொண்டுவந்து விட்டு, பணத்தைக் கட்டி, அன்று மாலையே கிளம்பினார். ஊரில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. மல்லிகா வரவில்லை. புள்ளி சுண்ணாம்பு இல்லை என்று நான் சொன்ன நாளிலிருந்து அவள் என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்திருந்தாள். வேலை என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் யார் வந்தாலும் கேட்கும் ஒரே கேள்வி, "கூட யாரு?" ரத்தம் எடுக்க வந்த பெண் கேட்டாள். மயக்க மருந்து மருத்துவர் கேட்டார். சாப்பாடு கொண்டுவருபவர்கூடக் கேட்டார். யாருமில்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். சம்மதக் கையெழுத்துக்கு மட்டும் அந்தப் பதில் செல்லவில்லை. கூட ஒருவர் போட்டே ஆக வேண்டும் என்று செவிலி நின்றாள். அடுத்த கட்டிலில் நாயுடுபேட்டையிலிருந்து வந்த ராஜம்மா படுத்திருந்தாள். தலையில் முடி இல்லாதது வேண்டுதலால் அல்ல, மருந்தால். முதல் நாளிலிருந்து அவளோடு நான் பேசியது குறைவு. அவள் எழுந்து உட்கார்ந்து, "நேனு பெடதா சந்தகம். ஆமெ மா செல்லெலு" என்றாள். இவள் என் தங்கை, நான் கையெழுத்துப் போடுகிறேன். செவிலிக்குப் பொய் என்று தெரியும். கையை நீட்டித் தாளை ராஜம்மாவிடம் கொடுத்தாள்.

கையெழுத்தைப் போட்டுவிட்டு ராஜம்மா என்னைப் பார்த்து, தன் தங்கையாக இருக்க, நான் கறுப்பு என்பதைத் தவிர வேறு குறையில்லை என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

கையால் தொட்டால் தெரியாத ஒன்றை அறுவை மருத்துவர் எப்படிக் கண்டுபிடித்து எடுப்பார்? அறுவைக்கு முன் மறுபடி மாமோகிராம் அறைக்குக் கொண்டுபோனார்கள். துளைகள் உள்ள தட்டில் மார்பை அழுத்தி, படம் பார்த்து, புள்ளிகள் இருக்கும் இடத்துக்கு ஊசியைச் செலுத்தி, அதன் வழியாகத் தலைமுடி போன்ற ஒரு கம்பியை உள்ளே விட்டு, ஊசியை உருவிக்கொண்டார்கள். கம்பியின் நுனியில் ஒரு கொக்கி. அது புள்ளிகளின் அருகில் பிடித்துக்கொள்ளும். கம்பியின் மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது எங்கும் இடிக்காமலிருக்க, டீ குடிக்கும் காகிதக் கோப்பையை அதன்மேல் கவிழ்த்து ஒட்டினார்கள். மார்பில் டீக் கோப்பையோடு தள்ளுநாற்காலியில் அறுவை அரங்குக்குப் போனேன். வழியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க, வீட்டாள் ஒருவர் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எடுத்த சதையையும் எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகள் முழுக்க அதில் வந்துவிட்டனவா என்று சரிபார்த்த பிறகுதான் தைத்தார்களாம்.

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ராஜம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மருத்துவர் அறையில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். புற்றுதான். ஆனால் பால் வரும் குழாய்களுக்குள்ளேயே இருக்கிறது. குழாயின் சுவரைத் தாண்டவில்லை. வெளியே வராததால் வேறெங்கும் போயிருக்க வழியில்லை. ஓரங்கள் சுத்தமாக வந்துவிட்டன, மார்பை எடுக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சு மட்டும் கொடுக்க வேண்டும். இப்போது பிடித்திருக்காவிட்டால், கையில் தட்டுப்படும் கட்டியாக வர இன்னும் சில வருடம் ஆகியிருக்கலாம். அப்போது குழாய்க்குள்ளேயே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொல்வதற்கு யாரும் இல்லாத நல்ல சேதி. கூடத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "எனக்கு ஆரம்பத்துலயே பிடிச்சிட்டாங்களாம்" என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

கதிர்வீச்சு நாட்களில் திருப்பதியிலேயே ஒரு மாடி அறையில் தங்கினேன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சில நிமிடம். படுக்கவைத்து, எல்லாரும் வெளியே போய்க் கனமான கதவை மூடிக்கொள்வார்கள். வலி கிடையாது. இயந்திரம் முனகும். சூடுகூட அப்போது தெரியாது, பிறகு தோல் கறுக்கும். மீதி நாள் முழுதும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி இருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, கடைத்தெருவில் இருந்த ஒரு போன் பூத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குவைத்துக்குப் போட்டேன். அங்கே பின்னால் யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கணவர், "லீவு கேட்டுப் பாக்கறேன்" என்றார். பிறகு, "மாமோகிராம்னா இன்னா?" என்று கேட்டார். கண்ணாடித் தட்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வைக்கச் சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவேன். மல்லிகாவின் கதவு சாத்தியிருக்கும். குரல் கேட்கும், ஆள் வராது. ஆடி முடிந்து முழுக்கத் திரும்பிய பிறகும் அப்படியே. நோய் பிடித்தவள் வீட்டுக்கு வரப் பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். மனம் கசந்தது. முனிரத்தினம்தான் ஒரு நாள் தபாலைப் பிரித்தபடி சொன்னார். "மல்லிகா சுண்ணாம்பு வெச்சி வெச்சி கேன்சர் வர வெச்சிட்டான்னு ஊர்ல சொல்லிக்கினு கீறாங்கம்மா. அது தோட்டத்துக்கும் போறதில்ல, கொழாயாண்டயும் வர்றதில்ல."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு செங்கல் கனம். அந்தப் பக்கம் இத்தனை நாள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சேகர் இல்லாத நேரம் பார்த்து, என் படங்களை உறையோடு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து ஜன்னலருகே இழுத்து வந்து, முதல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"இதெல்லாம் உன் சுண்ணாம்பு."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டாவது படத்தைப் பிடித்தேன்.

"இங்க பாரு. உன்னுது எல்லாம் போயிடுச்சு. ஒண்ணுகூட இல்ல. தோல் மேல இருந்தது, தோலோட உரிஞ்சி போச்சு. உள்ள எதையும் செய்யல."

விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ரவை மணிகளைக் காட்டினேன். முதல் படத்திலும் அதே இடத்தைக் காட்டினேன். "இது உனக்கு முன்னாடியே இருந்தது. எத்தனை வருஷமாவோ. நீ பத்து போடாம இருந்திருந்தாலும் இருக்கும்."

"அப்ப நா வெச்சதால வர்ல?"

"வரல."

"சத்தியமா?"

"சத்தியமா. தோலைச் சுட்டுட்ட, அதுக்கு வேணும்னா திட்டறேன்."

அவள் படத்தை என் கையிலிருந்து வாங்கி, தானே ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. அழுதாள். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கடைசியில், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எனுக்கும் ஒண்ணு கீதுக்கா. ரெண்டு வருசமா. இந்த பத்துதான் போட்டுக்கினு இருந்தேன். பெருசாவல, அத்தொட்டுதான் உனுக்கும் வெச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொல்றது?"

எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் முந்தானைக்கு மேலே வலது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள். நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? சுண்ணாம்புக் கலயத்தை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். இன்று முதல் எதுவும் பூசாதே, தோல் ஆறட்டும் என்றேன். சேகரிடம் நானே பேசுவதாகச் சொன்னேன். பயமா இருக்குதா என்று கேட்டதற்கு, இருக்குது என்றாள். எனக்கும் என்றேன்.

ஆவணி கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை, சித்தூரில் பேருந்து மாறினோம். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கண்டக்டர் வந்ததும் திருப்பதிக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.